கரும்பும் சேவலும் கொஞ்சம் ஈரமும்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் குன்றின் மேல் குடிகொண்ட தண்டாயுதபாணியின் கையில் கரும்பு இருக்கிறது. கொடியில் வழக்கம்போல் சேவல். கரும்பையும் சேவலையும் ஒருசேர வணங்கிவிட்டுப் படியிறங்கும் பக்தர் யாருக்கும் முகத்தில் பூசும் சீரம் நினைவுக்கு வராது. ஆனால் பெரம்பலூர்க் கடைவீதியில் சொட்டு மூடி போட்ட சின்னக் குப்பிகளில் விற்கும் ஹையலூரானிக் அமிலத்தின் பிறப்புக் கதையை எழுத உட்கார்ந்தால் இந்த இரண்டும் தாமாகவே வந்து நிற்கின்றன. அமிலம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு வகைச் சர்க்கரைக் கூறுகள் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி அது. அந்தச் சங்கிலியைத் தூய்மையாகவும் தாராளமாகவும் பிரித்தெடுக்க வழிகாட்டியது சேவல் கொண்டை. கொண்டை சதைப்பிடிப்போடு நிமிர்ந்து நிற்பதே, உள்ளே இந்தச் சங்கிலி தண்ணீரைச் சேர்த்துத் தாங்குவதால்தான்.

தை மாதம், பனி கொட்டும் நாட்கள். குன்னம், வேப்பூர்ப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. மக்காச்சோளம் ஒடித்துவிட்டு வந்த அப்பாயி முழங்கைக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுக்கிறார். சுண்ணாம்பு தொட்டு இழுத்ததுபோல் வெள்ளையாகக் கோடு விழுகிறது. கல்லூரிக்குப் போகும் பேத்தி தன் குப்பியிலிருந்து இரண்டு சொட்டை அவர் புறங்கையில் விடுகிறாள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் வெண்டைக்காய்ச் சாறுபோல் நூலாக இழுபடுகிறது.

"இது என்னத்துக்குடி?"

"தோலுக்குத் தண்ணி குடுக்கும் அப்பாயி."

"தண்ணி வேணும்னா தொட்டியில இருக்கே, அத அள்ளி ஊத்திக்கலாமே."

கேலியாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடிப் போனால் அழகுசாதனக் கடையைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. ஈரத்தைக் கொடுப்பது யார், வைத்திருப்பது யார் என்ற இந்தக் கணக்கைத்தான் சைவ சித்தாந்திகள் உயிரை வைத்துப் பல நூற்றாண்டுகளாகப் போட்டுப் பார்த்தார்கள்.

முதலில் தோல். நாம் தொட்டுப் பார்க்கும் மேலடுக்கு உயிரற்றது. செத்துத் தட்டையான அணுக்கள் செங்கல்லாகவும், இடையிலுள்ள கொழுப்பு சாந்தாகவும் அடுக்கப்பட்ட சுவர். உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான், தாளைவிட மெல்லியது. இந்தச் சுவரிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்தாக வேண்டும். அது பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தோல் வளைந்து கொடுக்காது. வெள்ளை பூக்கும், பிறகு வெடிக்கும். அப்பாயி கையில் விழுந்த கோடு அதுதான்.

ஹையலூரானிக் அமிலம் நம் உடம்பிலேயே இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் சுமார் 15 கிராம். அதில் பாதி தோலில், பெரும்பாலும் அந்தச் செத்த சுவருக்கு அடியிலுள்ள உயிருள்ள அடுக்கில். மற்றது மூட்டுகளில், விழிக்குள், தொப்புள்கொடியின் கூழில். ஒவ்வொரு நாளும் அந்த 15 கிராமில் மூன்றில் ஒரு பங்கு சிதைந்து, அதே அளவு புதிதாக உண்டாகிறது. நேற்றைய முகத்தின் மினுமினுப்பைத் தாங்கியதில் கணிசமான பகுதி இன்று கிடையாது. எதுவும் கணத்துக்குக் கணம் அழிந்து பிறக்கிறது என்று வாதாடிய பௌத்தர்களுக்கு இந்தக் கணக்குக் கிடைத்திருந்தால் எதிர்வாதிகள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

குப்பியில் வருவது வேறு சங்கதி. தோலின் மேல்சுவர் வாயிற்காவலன் மாதிரி. மூலக்கூறின் எடை ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேல் போனால் உள்ளே விடுவது அரிது என்பது தோல் மருத்துவத்தில் பரவலாகப் புழங்கும் கணக்கு. தண்ணீர் 18. கிளிசரின் 92. முழு நீள ஹையலூரானிக் சங்கிலியோ பத்து லட்சத்தைத் தாண்டும். தேர்ச் சக்கரத்தைச் சாவித் துவாரத்தில் நுழைக்கப் பார்ப்பது போலத்தான். அதனால் நிறுவனங்கள் சங்கிலியைச் சின்னச் சின்னதாக நறுக்கிச் சேர்க்கின்றன. நறுக்கிய துண்டுகள் ஓரளவு மேலடுக்கைக் கடக்கின்றன என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. பெரிய சங்கிலி தோலுக்கு மேலே மெல்லிய ஏடுபோல் படிந்து, அங்கே கிடைக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மேலடுக்கு ஊறி உப்புவதால் நுண்ணிய சுருக்கங்கள் சில மணி நேரம் மறைகின்றன. அது பொய் இல்லை. நிரந்தரமும் இல்லை.

அங்கே கிடைக்கும் தண்ணீர் என்பதுதான் விஷயமே. குளித்து முடித்து ஈரம் காயாத முகத்தில் பூசினால் அந்த ஈரத்தைப் பிடிக்கும். கடலோரத்துப் புழுக்கக் காற்றில் காற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில், காய்ந்த முகத்தில் பூசிவிட்டு மேலே எதுவும் தடவாமல் விட்டால், அடியிலிருந்து ஏறிவரும் ஈரத்தையும் வாங்கிக் காற்றிடம் கொடுத்துவிடலாம் என்று தோல் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஈரத்தோடு சேர்ந்தால் ஈரம், வறட்சியோடு சேர்ந்தால் வறட்சி. தனக்கென்று ஒரு சொட்டுகூட இல்லை.

சைவ சித்தாந்தத்தில் இந்தக் குணத்துக்குப் பெயரே உண்டு: சார்ந்ததன் வண்ணமாதல். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்து சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களைத் தந்த மெய்கண்டாரும் அவர் வழி வந்தவர்களும் உயிரின் இயல்பை அப்படித்தான் விளக்கினார்கள். உயிரைப் பிணிக்கும் அழுக்கான மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் இறைவனைச் சார்ந்தால் அவன் வண்ணமாகவும் உயிர் விளங்கும். அதற்கு அவர்கள் அடிக்கடி காட்டும் உவமை படிகம். செம்பருத்தி பக்கத்தில் வைத்தால் சிவப்பு, சங்குப்பூ பக்கத்தில் வைத்தால் நீலம். 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் விழிக்குள்ளிருந்த தெளிந்த கூழிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தபோது வைத்த பெயரின் முன்பாதி கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹையலோஸ். பொருள், கண்ணாடி. படிகத்துக்குப் பக்கத்து வீட்டுச் சொல். தற்செயல்தான், ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை.

உவமையை இழுக்கக்கூடிய தூரம் வரைதான் இழுக்க வேண்டும். உயிருக்கு அறிவும் விருப்பமும் உண்டு, எதைச் சார்வது என்ற தேடல் உண்டு. சர்க்கரைச் சங்கிலிக்கு அது கிடையாது. ஆனால் விளம்பரம் செய்யும் தவறும் சித்தாந்தம் சுட்டிக்காட்டும் தவறும் ஒன்றே. வைத்திருப்பதை, தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது.

'தன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடிக்கும்' என்று எழுதாத குப்பி அபூர்வம். ஆயிரம் என்ற எண் எங்கிருந்து முளைத்தது? தண்ணீரில் கரைந்த சங்கிலி சுருண்டு விரிந்து, தன் பருமனைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இடத்தை வளைத்துக்கொள்கிறது. அந்த வளைவுக்குள் தண்ணீர் சுதந்திரமாக இருக்கிறது. சங்கிலி அதைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருக்கவில்லை. சங்கிலியில் வரிசையாக இருக்கும் எதிர்மின் ஊட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அது விரிந்து நிற்கிறது, இடையில் தண்ணீர் தங்குகிறது. ஏரிக்கரை தண்ணீரை வைத்திருப்பதுபோல என்று சொன்னால் அரியலூர்க்காரர்களுக்கு உடனே புரியும்.

அந்த மாவட்டத்தில் ஓர் ஏரி இப்படிப் பெருமை பேசப்பட்டது. கங்கை வரை சென்ற படையெடுப்புக்குப் பிறகு முதலாம் ராஜேந்திரன், கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, புதிய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே சோழகங்கம் என்ற ஏரியை உண்டாக்கினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித் தூண் என்று வர்ணிக்கிறது. கல்லில் தூண் நட்ட அரசர்கள் ஆயிரம் பேர். நீரில் தூண் நட்டவன் இவன் ஒருவன். கற்பனை அபாரம். ஆனால் குடங்களில் வந்த கங்கை எத்தனை நாள் நின்றிருக்கும்? அதன் பிறகு ஏரியை நிரப்பியது உள்ளூர் மழையும் வாய்க்கால் நீரும்தான். இன்று பொன்னேரி என்று அழைக்கப்படும் அதே ஏரி, தண்ணீர் வந்தால் ஏரி, வராவிட்டால் வெளி.

இந்த மண்ணே ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்தது. காரை கிராமத்திலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரிகளிலும் கிரெட்டேசியக் காலத்துக் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடைக்கின்றன. பெரம்பலூர் சாத்தனூரில் 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். மரத்தின் ஈரம் போன இடமெல்லாம் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. ஈரம் போனால் எது வந்து உட்காரும் என்பதற்குக் காட்சிசாலை தேவைப்பட்டால் அங்கே போகலாம்.

சாத்தனூர் என்றதும் இன்னொரு சாத்தனூரும் நினைவுக்கு வருகிறது. அது திருவாவடுதுறைப் பக்கம் உள்ளது. மாடு மேய்த்த மூலன் இறந்து கிடந்தபோது, பசுக்களின் துயரம் தாங்காமல் ஒரு யோகி அவன் உடலுக்குள் புகுந்தார் என்பது திருமூலர் கதை. இரவல் உடம்பில் இருந்தவர் அந்த உடம்பைப் பற்றி என்ன நினைத்தார்? முதலில் உடலைத் தாழ்வாகக் கருதியவர், இறைவன் குடியிருக்கும் வீடு அது என்று கண்டபின் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். பட்டினத்தார் உடலை இகழ்ந்த இகழ்ச்சியோ நாடறிந்தது. திகம்பர சமண முனிவர்களின் 28 மூலகுணங்களில் குளிக்காமையும் ஒன்று. பேணுவதா, பொருட்படுத்தாமல் விடுவதா என்று தமிழ் மண்ணில் ஒருமித்த தீர்ப்பு இருந்ததே இல்லை. துறவிக்கு ஒரு நியாயம், இல்லறத்தானுக்கு ஒரு நியாயம் என்று பிரித்துக்கொண்டு நாட்கள் ஓடின.

பௌத்தர்கள் இன்னும் சுவாரசியம். துறவு கொடுக்கும்போதே தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் ஆகிய ஐந்தையும் சொல்லிக்கொடுத்து, இவற்றில் மயங்காதே என்று தியானிக்கச் சொல்வது அவர்கள் வழக்கம். அந்த ஐந்தும் முப்பத்திரண்டு உறுப்புகளின் பட்டியலாக விரியும். பட்டியலின் கடைசிப் பகுதியில் லசிகா என்று ஒன்று வரும், மூட்டுகளில் ஊறும் வழவழப்பு. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர் அதைக் கண்ணால் பார்த்தவர்போல் விவரிக்கிறார். நூற்றெண்பது மூட்டுகளில் எண்ணெய் போடும் வேலை அதற்கு. குறைந்துபோனால் எழும்போதும் உட்காரும்போதும் எலும்புகள் சொடக்குப் போடுவதுபோல் சத்தமிடும், கொஞ்ச தூரம் நடந்தாலே கைகால் நோகும் என்கிறார். அந்த வழவழப்பைத் தருவதில் முக்கியப் பங்கு ஹையலூரானிக் அமிலத்துக்கு. இன்று முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மருத்துவர்கள் சிலர் ஊசியில் ஏற்றுவதும் அதையே. அருவருப்பு வர வேண்டும் என்று எழுதிய பட்டியலில் எவ்வளவு கூர்மையான உடற்கூறு பாருங்கள். உடம்பை வெறுக்கச் சொன்னவர்கள்தான் அதை உற்றுப் பார்த்தும் இருக்கிறார்கள்.

இனிச் சேவலுக்கு வருவோம். ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஸ் 1942இல் இந்தப் பொருளை ரொட்டிக்கடையில் முட்டை வெள்ளைக்கரு இடத்தில் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை கேட்டவர். பின்னாளில் அவரே சேவல் கொண்டையிலிருந்து மிகத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, கண் அறுவைச் சிகிச்சையில் விழியின் மென்மையான உட்புறம் சேதமாகாமல் காக்கும் கூழாக மாற்றினார். உலகெங்கும் எத்தனையோ பேர் கண்புரை அறுவைக்குப் பின் வெளிச்சம் பார்த்ததில் சேவலுக்கும் பங்கு இருக்கிறது. சூரனை அழிக்காமல் சேவலாக்கிக் கொடியில் வைத்துக்கொண்ட முருகனுக்கு இது கேட்க இனிக்கும் செய்தி.

சைவ உணவுக்காரர்களுக்கு இனிக்காது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, இது எதிலிருந்து வந்தது என்பது. இப்போது அழகுசாதனத்துக்கு வருவதில் பெரும்பகுதி நொதித்தலில் பிறக்கிறது. குதிரைகளிடம் காணப்படும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்த்தால் அது தன்னைச் சுற்றி இந்தச் சங்கிலியை நெய்துகொள்கிறது. சேவல் போய்க் கரும்பு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அந்தக் கிருமிக்குக் கொடுக்கும் புரதத் தீனி விலங்கிலிருந்து வந்ததா, ஈஸ்டிலிருந்து வந்ததா என்று கேட்கிறவர் கேட்கத்தான் செய்வார். கேட்பதும் நியாயமே. விலங்குகள்மீது அழகுசாதனங்களைச் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது என்பது அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

முஸ்லிம்கள் மிகுந்த லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர்ப் பக்கம் போனால் கேள்வி வேறு. பொருள் ஹலாலா என்பது ஒன்று. முகத்தில் பூசியிருக்கும்போது, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளு கூடுமா என்பது இன்னொன்று. தண்ணீர் தோலைத் தொடவிடாமல் தடுக்கும் படலம் இருந்தால் அதை நீக்க வேண்டும் என்பது மார்க்க அறிஞர்கள் பரவலாகச் சொல்லும் விதி. நகச்சாயம் தடுக்கும், மருதாணியின் நிறம் தடுக்காது. ஹையலூரானிக் அமிலம் தண்ணீரில் கரைகிற பொருள், கழுவினால் போய்விடும். அதன் மேல் அப்பிய தடித்த மெழுகுக் களிம்பைப் பற்றி வேண்டுமானால் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வேடிக்கை: இந்தச் சீரத்தைப் பூச உகந்த நேரம் முகம் கழுவி ஈரம் இருக்கும்போது. ஐவேளைத் தொழுகையாளிக்கு அந்த நேரம் தினமும் ஐந்து முறை வாய்க்கிறது.

ஈரத்தைப் பிடித்தாயிற்று, அது ஓடாமல் இருக்க மேலே ஒரு பூட்டு வேண்டும். அதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, காப்பு. கோயிலில் கல்லுக்கே எண்ணெய்க்காப்பு உண்டு, சந்தனக்காப்பு உண்டு. ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தின் சுமார் 13 அடி உயர லிங்கத்தை மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னத்தால் மூடுகிறார்கள். அபிஷேகம் முதலில், சந்தனக்காப்பும் அலங்காரமும் பிறகு. அர்ச்சகர் அந்த வரிசையை மாற்றுவதில்லை. குளித்த ஈரத்தோடு கைகாலில் தேங்காய் எண்ணெய் தடவும் அப்பாயியும் மாற்றுவதில்லை. பேத்தியின் குப்பியில் பொடி எழுத்தில் இருப்பதும் அதுதான்: ஈரத் தோலில் பூசவும், மேலே மாய்ஸ்சரைசர் தடவவும். இந்த வரிசையைப் பின்பற்றினால் குப்பி இல்லாமலே பாதி வேலை முடிகிறது. சீரம் வாங்க வசதியில்லாதவர் மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கித் தண்ணீர் கலந்து பூசலாம். சின்ன மூலக்கூறு, மேலடுக்குக்குள் நுழையக்கூடியது, விலையும் குறைவு. இதைச் சொன்னால் வியாபாரிகள் கோபித்துக்கொள்வார்கள்.

தோலைப் பற்றிய அரியலூரின் பழைய கதை ஏலாக்குறிச்சியில் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து தமிழ் கற்று வீரமாமுனிவராக மாறிய பெஸ்கி பாதிரியார் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய ஊர். அரியலூர் அரசர் ரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்து ஆறாமல் இருந்ததாகவும், முனிவரின் கைப்பட்டு, மாதாவின் அருளால் அது ஆறியதாகவும், நன்றியாக அரசர் நிலம் கொடுத்ததாகவும் தல வரலாறு. அரசனும் அடங்கிப்போகும் இடம் தோல். முதுகில் ஒரு கட்டி வந்தால் கிரீடத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் குப்புறப் படுக்கத்தான் வேண்டும்.

சார்ந்ததன் வண்ணம் என்ற சொல்லை இவ்வளவு தூரம் தூக்கி வந்தபின் அதை முகத்தோடு நிறுத்தினால் ஏமாற்று. இந்த இரண்டு மாவட்டங்களில் யாருடைய தோல் எதைச் சார்ந்திருக்கிறது? அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் தொடங்கியது. தனியார் ஆலைகள் அதைச் சுற்றி எழுந்தன. ஆலையில் பிறக்கும் சிமெண்ட் கடைசியில் வந்து சேர்வது கொத்தனார், சித்தாள் கைகளில். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை 12, 13 என்ற பி.எச். அளவில் இருக்கும். தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய லேசான புளிப்பு. காரம் பட்டதும் அந்தச் செங்கல் சுவரின் சாந்து கரைகிறது. சிமெண்டில் இருக்கும் குரோமியம் சிலருக்கு ஆயுள் முழுக்க ஒவ்வாமையாக ஒட்டிக்கொள்கிறது. விரலிடுக்கில் அரிப்பு, வெடிப்பு, ரத்தம். அந்தக் கைக்கு எந்தச் சீரமும் வேலை செய்யாது, ஏனென்றால் மறுநாள் காலை அது மறுபடியும் கலவையைத்தான் சார்கிறது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கலவை போடும் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கைகழுவ நல்ல தண்ணீரும், தடவிக்கொள்ளக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் வாசலில் வையுங்கள். வெடிப்பில் ரத்தம் கசிந்தாலோ அரிப்பு நிற்காவிட்டாலோ மாவட்ட அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, அன்றைய கூலியையும் பிடிக்காமல் கொடுத்து அனுப்புங்கள்.